முதலில் டயர் என்று சொல்ல வேண்டும்

1

டயர்தான் வெடித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்த இரண்டையும் எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும் என்பது என் மனைவி தங்கபுஷ்பத்தின் கட்டளை. அவளுடைய கட்டளைகள் எல்லாமே நியாயமானவை என்று சொல்ல மாட்டேன். இது நியாயமானது.

நாங்கள் அரிசோனாவில் வந்து இறங்கியது ஒரு தை மாதம். வருடாவருடம் அந்த நாளையொட்டி மகள் மீனா எங்களை எங்காவது அழைத்துப் போவாள். இந்த வருடம் பாலைவனத்தைப் பார்க்கலாம் என்றாள். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடுவதாகத் திட்டம். புஷ்பம் வரவில்லை. "மணலெல்லாம் நான் பாத்தாச்சு. நீங்க போயிட்டு வாங்க" என்று வீட்டிலேயே இருந்துகொண்டாள்.

ஆகவே மூன்று பேர் போனோம்: நான், மீனா, அவளுடைய கணவன் டேவிட். டேவிட் பள்ளிக்கூடத்தில் மண்ணையும் பாறையையும் பற்றிப் பாடம் நடத்துகிறவன். நல்ல பிள்ளை. என்னை "மாமா" என்று முறை வைத்துத்தான் கூப்பிடுவான். ஆனால் அவர்கள் பாஷையில் அது அம்மாவைக் கூப்பிடுகிற சொல். கடையில் தாடி வைத்த ஓர் ஆள், எண்பதைத் தாண்டிய கிழவனைப் பார்த்து "மாமா, மாமா" என்று கூவுவதைக் கண்டு ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நானும் "வந்துட்டேன்" என்று போவேன்.

தார் ரோட்டை விட்டு விலகி, ஏதோ ஒரு சிவப்புப் பாறையைக் காட்டுகிறேன் என்று டேவிட் மண்பாதையில் வண்டியைத் திருப்பினான். நெடுந்தூரம் போன பிறகு ஒரு கூர்க்கல் பின்சக்கரத்தைக் கிழித்துவிட்டது. டேவிட் டிக்கியைத் திறந்தான். உள்ளே ஸ்டெப்னி இல்லை. ஸ்டெப்னி இருக்க வேண்டிய பள்ளத்தில் காற்றடிக்கும் சின்னப் பெட்டி ஒன்றும் ஒரு குப்பிக் கோந்தும் இருந்தன. இப்போது வருகிற கார்கள் பலவற்றில் இப்படித்தானாம். டயர் கிழிந்திருந்த கிழிசலுக்குள் என் கையே போகும். கோந்தை வைத்து என்ன செய்வது? டேவிட் தலையைச் சொறிந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்டெப்னி இல்லாத காரில் செம்மண்ணுக்கு நடுவில் நான் நிற்பது அது முதல் தடவை அல்ல.

மீனா போனை எடுத்துக்கொண்டு பக்கத்திலிருந்த மேட்டில் ஏறினாள். அங்கேதான் சிக்னல் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. முதலில் வண்டி இழுக்க வருகிறவர்களைக் கூப்பிட்டாள். உறுப்பினர் எண் என்ன, காரின் நிறம் என்ன, பாதுகாப்பான இடத்தில் நிற்கிறீர்களா என்றெல்லாம் கேட்டுவிட்டு, பக்கத்தில் குறுக்குத் தெரு எது என்றாளாம் போனை எடுத்த பெண்.

"நீ என்ன சொன்ன?" என்று கீழே இருந்து கேட்டேன்.

"ஒரு பெரிய கள்ளிச்செடி இருக்கு, அதுக்குக் கை மூணு இருக்குன்னேன்ப்பா. அதை எழுதிக்கிட்டா."

நாளைக் காலைதான் ஆள் வரும் என்று சொல்லிவிட்டார்கள். பாதகமில்லை. டேவிட் கூடாரத்தையும் கம்பளிகளையும் எப்போதும் காரிலேயே வைத்திருப்பான். எனக்கு ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தான். மீனா அடுத்தபடியாக வீட்டுக்குப் போன் போட்டாள். பாலைவனத்தில் காற்று நின்றுவிட்டால் மேட்டில் பேசுவது பள்ளத்தில் தெளிவாகக் கேட்கும்.

"அம்மா! வெடிச்சிருச்சு!" என்றாள் மீனா. அவளுடைய அரைகுறைத் தமிழில் மிகச் சரியாக உச்சரித்த ஒரே சொல் அது.

பிறகு, "அம்மா? அம்மா? கேக்குதா?" என்றாள். பிறகு போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தாள். லைன் அறுந்துவிட்டது.

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது.

2

அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் ஊர் விருதுநகரை ஒட்டி, இன்று கலெக்டர் ஆபீஸ் இருக்கிற சூலக்கரைக்குப் பக்கம். அன்று அங்கே ஆபீஸும் இல்லை, கலெக்டரும் இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் கரிசல். எங்கள் குடும்பம் பருத்தி போடுகிற குடும்பம். பருத்திக்காய் முற்றி, ஓடு பிளந்து, பஞ்சு வெளியே தள்ளுவதை நாங்கள் 'வெடிப்பது' என்றுதான் சொல்வோம். வருடத்தில் அதைவிட நல்ல சொல் எங்கள் வீட்டில் கிடையாது. வெடித்தால் கடன்காரன் முகம் மலரும், பெண்டுகளுக்குப் புடவை வரும், எனக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டப்படும். நான் மதுரையில் ரசாயனம் படித்தது பருத்தி வெடித்த புண்ணியத்தில்.

படித்து முடித்ததும் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்தேன். எம். புதுப்பட்டி போகிற வழியில் தள்ளித் தள்ளிக் கட்டிய ஷெட்டுகள். முதலாளி தனராஜ் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவருடைய தங்கைதான் புஷ்பம். வேலை கொடுத்தவர் பெண்ணையும் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் எனக்கு மச்சான், நான் அவருக்கு மாப்பிள்ளை.

அவர்கள் வீட்டில் எதுவும் வெடிக்காது. டயர் 'போகும்'. பலூன் 'போகும்'. கடுகு 'பொரியும்'. அவர்கள் செய்து விற்கிற வெடிகூட வெடிக்காது, 'சத்தம் குடுக்கும்'. புதுச் சரக்கைச் சோதித்தால் 'போட்டுப் பார்த்தோம்' என்பார்கள். அந்த ஊரில் 'வெடிச்சிருச்சு' என்று ஒருவன் தெருவில் சொன்னால் அதற்கு ஒரே பொருள்தான். எங்கே, எந்த ஷெட், எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டே எல்லாரும் செருப்பில்லாமல் ஓடுவார்கள். புஷ்பத்தின் அப்பா அப்படி ஒரு ஷெட்டில்தான் போனார். ஐம்பதுகளின் தொடக்கத்தில், அவள் பாவாடை கட்டிய சிறுபெண்ணாக இருந்தபோது. தெருவில் யாரோ அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டு ஓடியதைத்தான் அவள் முதலில் கேட்டாளாம்.

கல்யாணமான பிறகு அவளை முதன்முதலாக எங்கள் ஊருக்கு அழைத்துப் போனேன். அது பருத்திக் காலம். என் அப்பா விடியற்காலையில் காட்டைப் பார்த்துவிட்டு வந்து, வாசலில் நின்றபடியே சந்தோஷத்தில் கத்தினார்:

"ஏலே! காடு பூரா வெடிச்சிருச்சுலே!"

அடுப்படியில் புஷ்பத்தின் கையிலிருந்த காப்பித் தம்ளர் விழுந்தது. அவள் அதன் மேலேயே மிதித்து வெளியே ஓடி வந்தாள். "எம்புட்டுப் பேரு மாமா?" என்று கேட்டாள்.

அப்பாவுக்குப் புரியவில்லை. "பேரா? எடுக்கிறதுக்கா? ஒரு இருவது பேரு வேணும்தா" என்றார்.

விஷயம் தெரிந்ததும் வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் கொட்டிய காப்பியை அவள் வெகு நேரம் துடைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்குத் தெரியாது என்று பிற்பாடு நான் சொல்லிக்கொள்ள இடமே இல்லை. தெரியும். எங்கள் இரண்டு ஊருக்கும் நடுவில் பதினைந்து மைல். அந்தப் பதினைந்து மைலில் அந்தச் சொல் என்னவாகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

3

"என்னப்பா ஆச்சு? தப்பாச் சொல்லிட்டேனா?" மேட்டிலிருந்து இறங்கி வந்த மீனா கேட்டாள். "நீங்கதானே சொல்லிக் குடுத்தது?"

நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அரிசோனாவிலும் பருத்தி விளைகிறது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊருக்கு வெளியே அழைத்துப் போய், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "பார், வெடிச்சிருக்கு" என்று காட்டுவேன். அவளுக்கு வீட்டில் வந்த தமிழில் பெரும்பாலானது பள்ளிக்கூடம் போன பிறகு கழன்று போய்விட்டது. 'நாளைக்கு வந்தேன்' என்பாள், 'நேத்து வருவேன்' என்பாள். மாதுளம்பழத்தை 'மாதப் பழம்' என்பாள். நான் திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன். அப்படிப்பட்ட பெண்ணிடம் இந்த ஒரு சொல் மட்டும் பழுதில்லாமல் தங்கியிருக்கிறது.

"அம்மாகிட்டத் திரும்பப் பேசணும். இப்பவே" என்றேன்.

டேவிட் என் கையைப் பிடித்து மேட்டில் ஏற்றினான். மூன்று போன்களையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தோம். ஒரு கோடு வரும், போகும். வீட்டில் அவள் தனியாக இருக்கிறாள். இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். மகளுடைய குரலில் அந்தச் சொல்லைக் கேட்டாள், பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

"டயர்னு சொன்னியாம்மா? டயர்ங்கிற வார்த்தைய?"

"இல்லப்பா. டயர்தானே வெடிச்சது? வேற என்ன வெடிக்கும்?"

நானும் இதே நினைப்பில்தான் அன்று சொல்லி அனுப்பினேன்.

4

அறுபதுகளின் நடுவில் நடந்தது. பங்குனி பிறந்திருந்தது. தனராஜ் மச்சான் ஒரு பெரிய வாணம் செய்துகொண்டிருந்தார். அது மேலே போய்ப் பூக்கும்போது நீலம் வர வேண்டும் என்பது என் பைத்தியம். சிவப்பு சொன்னபடி கேட்கும். பச்சையும் அப்படியே. நீலம் மட்டும் வராது. வெளுத்த சாம்பல்தான் வரும். ஒரு வருடமாக அதே நினைப்பாக இருந்தேன். புஷ்பம் பேசினால்கூட அவள் புடவையின் நீலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சிவகாசியில் அவ்வளவு பெரிய வாணத்தைப் போட்டுப் பார்க்க முடியாது. எங்கே விழுந்தாலும் யாருடைய ஷெட்டாவது இருக்கும். அதனால் தெற்கே, சாத்தான்குளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற தேரிக்காட்டுக்குப் போவது என்று முடிவாயிற்று. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: தேரி என்பது நம் ஊரிலேயே இருக்கிற பாலைவனம். மைல் கணக்கில் செக்கச்செவேலென்ற மணல் மேடு, அங்கங்கே பனையும் உடைமரமும். காற்றடித்தால் மேடு நகரும்.

மச்சானின் பழைய காரில் மூன்று பேர் கிளம்பினோம். ஓட்டியவர் சங்கையா. சிவகாசியிலேயே அதிகமாகப் பேசுகிற டிரைவர். புஷ்பமும் அவளைப் பெற்ற என் அத்தையும் புளிச்சோறு கட்டிக் கொடுத்தார்கள். டிக்கியில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

தேரிக்குள் வண்டித்தடத்தில் பனையோலையைப் பரப்பியிருப்பார்கள், சக்கரம் புதையாமல் இருக்க. அந்த ஓலைக்கடியில் இருந்த ஏதோ ஒரு முண்டு முன்சக்கரத்தைப் பதம் பார்த்தது. பெரிய சத்தம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பி டிக்கியைப் பார்த்தோம். டிக்கி முழுசாக இருந்தது.

"டயர் போயிருச்சு மொதலாளி" என்றார் சங்கையா.

"போனா மாத்தும்."

"எத மாத்த? ஸ்டெப்னி வீட்டுல கெடக்கு."

"வீட்டுலயா? ஏம்வே?"

"வாணத்துக்கு நீளம் வேணும், டிக்கியக் காலி பண்ணுன்னு சொன்னது ஆரு? நானா? ஸ்டெப்னி எறக்குனேன், ஜாக்கி எறக்குனேன். என்னையும் எறக்கிருந்தா நிம்மதியா வீட்டுல தூங்கிருப்பேன்."

மச்சான் சிரித்துவிட்டார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

வயதில் சின்னவன் என்பதால் நான் ரோட்டுக்கு நடந்தேன். கருப்பட்டி லோடு ஏற்றிய லாரி ஒன்று வந்தது. கையைக் காட்டினேன்.

"அண்ணாச்சி, எங்கன போறீக?"

"விருதுநகர் பஜாருக்கு. ஏறுதீகளா?"

"இல்ல, ஒரு சேதி சொல்லணும்." பஜாரில் மச்சானுக்குச் சொந்தக்காரர் ஒருவரின் பருப்புக் கடை இருந்தது. அதன் அடையாளம் சொன்னேன். "அங்கருந்து சிவகாசி வீட்டுக்கு ஒரு போன் போடச் சொல்லுங்க. தேரிக்காட்டுல வெடிச்சிருச்சு, இன்னைக்கு வர முடியாது, ஆள் அனுப்புங்கன்னு சொன்னாப் போதும்."

லாரியின் டயரைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன். கண்ணில் டயர் இருந்தது, மனத்தில் டயர் இருந்தது. வாயில் மட்டும் வரவில்லை. நம் பாஷையில் எது என்று சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். கேட்கிறவன் நிரப்பிக்கொள்வான். லாரிக்காரர் டயரைத்தான் நிரப்பியிருப்பார். அவர் தொழில் அது. பஜாருக்குப் போய் நான் சொன்னதை அப்படியே சொன்னார். கடைக்காரர் அப்படியே போனில் சொன்னார். வழியில் ஒருவரும் ஓர் எழுத்தைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவ்வளவு நேர்மையாகப் போய்ச் சேர்ந்தது என் சேதி.

சாயங்காலம் வெளிச்சம் மங்கியதும் வாணத்தை மணலில் நட்டோம். மச்சான் திரியில் நெருப்பு வைத்துவிட்டு ஓடி வந்தார். அது சீறிக்கொண்டு போய், நின்று, பூத்தது. நீலம். அசல் நீலம். ஊமத்தம் பூவுக்குள் கொஞ்சம் மையைக் கரைத்தது போல. நான் மணலில் குதித்தேன். மச்சான் என்னைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்.

"வந்துருச்சு மாப்ள! வந்துருச்சு!"

"எனக்குப் பச்சையாத்தான் தெரியுது" என்றார் சங்கையா.

"உமக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுவே!"

பக்கத்துக் குடிசையில் பனையேறுகிறவர் பதனீர் கொடுத்தார். புளிச்சோற்றைத் தின்றுவிட்டு, வேட்டியைப் போர்த்திக்கொண்டு, குளிர்ந்த மணலில் படுத்தோம். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் படுத்ததில்லை. அதே வேளையில் சிவகாசியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை நினைத்தால், அந்தச் சந்தோஷத்தைத் தொட இன்றும் கூசுகிறது.

5

விடிகிற நேரத்தில் சங்கையாதான் முதலில் பார்த்தார்.

"மொதலாளி! நம்ம கம்பெனி வேன் வருது! மேல பாருங்க, வாழை இலை. கட்டுக் கட்டா இலை! விருந்தே கொண்டாராக போல!"

எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் ஊரில் வாழை இலை என்றால் விருந்து. திரும்பி மச்சானைப் பார்த்தேன். அவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள" என்றார் மெதுவாக. "லாரிக்காரன்ட்ட என்ன சொல்லி விட்டீக?"

சொன்னேன்.

"வெடிச்சிருச்சுன்னா சொன்னீக? டயர்னு சொல்லலையா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நெருப்பில் வெந்தவர்களைப் பாயில் போட முடியாது, தோல் ஒட்டிக்கொள்ளும். வாழை இலையில்தான் கிடத்துவார்கள். பட்டாசு ஊர்க்காரர்கள் ஒரு வண்டியில் கட்டுக் கட்டாக இலையை ஏற்றிக்கொண்டு வந்தால், அது எங்களை எடுத்துப் போக.

வேன் நின்றது. புஷ்பம் இறங்கினாள். அழவில்லை. முதலில் அண்ணனிடம் போனாள். அவர் இரண்டு கைகளையும் பிடித்து, உள்ளங்கையும் புறங்கையுமாகத் திருப்பிப் பார்த்தாள். அடுத்து சங்கையாவின் கை. கடைசியில் என்னிடம் வந்தாள். என் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே தள்ளி, சந்தையில் காய் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எது?" என்றாள்.

"டயர்."

"டயரா?"

"ஆமா."

"டயரு போகும். வெடிக்காது."

அவ்வளவுதான் சொன்னாள். அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். என் முகமெல்லாம் செம்மண். அவளைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துச் சிரித்துக்கொண்டே, "புஷ்பம், நீலம் வந்துருச்சு" என்றேன்.

அவள் என் சட்டைக் கையை இறக்கிவிட்டாள். வேனுக்குள் அத்தை மடியில் ஓர் இலைக்கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறங்கவே இல்லை. அந்த இலையில் சாப்பிட யாருக்கும் மனம் வரவில்லை. பனையேறியின் ஆடுகளுக்குப் போட்டோம். அவை தின்று தீர்த்தன.

மச்சானும் சங்கையாவும் வேனில் வந்திருந்த ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார்கள். யாரோ ஒரு கம்பெனி ஆள், எதற்கும் இருக்கட்டும் என்று அதைப் போட்டிருக்கிறான். நானும் புஷ்பமும் வேனில். கோவில்பட்டி தாண்டிய பிறகு அவள் வாயைத் திறந்தாள்.

"அமெரிக்காவுல ஒரு காலேஜுன்னு சொன்னீகளே. அங்கன போவோம்."

மேல்படிப்புக்கு இடம் கிடைத்து மாதக் கணக்கில் ஆகியிருந்தது. அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வர மாட்டேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றிருந்தாள். நானும் கெஞ்சிப் பார்த்து ஓய்ந்திருந்தேன்.

"அங்கன வெடி உண்டா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன்.

இதுதான் என் மனத்தை அறுப்பது. சொல்லைத் தவறாகச் சொன்னது கவனக்குறைவு, மனிதன் செய்யக்கூடியது. ஆனால் அந்த வேனில் நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு: 'புஷ்பம், நேற்று ராத்திரி நீ பட்டதை வைத்துக்கொண்டு இன்று எதையும் முடிவு செய்யாதே.' எதிரே அவளுடைய அம்மா உட்கார்ந்திருந்தார். நான் சொல்லவில்லை. நான் கேட்டுக் கிடைக்காததை அந்த இலைக்கட்டு வாங்கிக் கொடுத்தது. வாங்கிக்கொண்டேன்.

6

சென்னையில் விசாவுக்குப் போனபோது அந்த அதிகாரி என்ன தொழில் என்றார். பட்டாசு என்பதற்கு என் ஆங்கிலம் ஏதோ குளறி, வெடிமருந்து செய்கிறேன் என்பதுபோல் ஆகிவிட்டது. அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் மூன்றாமவரைக் கூப்பிட்டார். கடைசியில் நான் ஒரு தாளில் கம்பி மத்தாப்பு வரைந்து காட்டினேன், கையில் பிடித்திருக்கும் ஒரு குழந்தையோடு. பின்னால் நின்ற புஷ்பம் தமிழில், "இனிமே செய்ய மாட்டாகன்னு சொல்லுங்க" என்றாள். அப்போதுதான் வந்து சேர்ந்த மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னதும் மூன்று பேரும் சிரித்து முத்திரை குத்திவிட்டார்கள்.

அவள் சொன்னபடியே ஆயிற்று. நான் படித்து, ஒரு தாமிரச் சுரங்கத்தின் சோதனைக்கூடத்தில் ஓய்வு பெறும்வரை கல்லைக் கரைத்துக்கொண்டிருந்தேன். நீலத்தைப் பிறகு எந்த வானத்திலும் செய்ததில்லை.

வந்த வருடமே ஜூலை மாதம் இவர்களுடைய சுதந்திர தினம் வந்தது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இருட்டியதும் ஊரே அதிர ஆரம்பித்தது. புஷ்பத்தைத் தேடினால் காணோம். குளியலறைத் தொட்டிக்குள் தலையணையோடு உட்கார்ந்திருந்தாள்.

"வெடி இல்லன்னு சொன்னீக" என்றாள்.

நானும் தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டேன். பல வருடம் ஜூலை நான்கை நாங்கள் அந்தத் தொட்டியில்தான் கழித்தோம். மீனா பிறந்த பிறகு மூன்று பேர்.

மூன்றாவது வருடம் அத்தை இறந்துபோனதாகத் தந்தி வந்தது. போய்ச் சேர வழியில்லை. புஷ்பம் சமைத்தாள், பரிமாறினாள். குழம்பில் தாளிப்பு இல்லை. பதினாறு நாளும் அந்த வீட்டில் கடுகு பொரியவில்லை.

7

சூரியன் பாறைகளுக்குப் பின்னால் இறங்குகிற நேரத்தில் டேவிட்டின் போனில் இரண்டு கோடு வந்தது. "மாமா!" என்று கத்தினான். வாங்கி வீட்டுக்குப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். நான் பேசுவதற்குள் அவள் குரல் வந்தது.

"எது? பருத்தியா, டயரா?"

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"கேக்குதா? யாரது, மீனாவா?"

"டயர்" என்றேன். "டயர், புஷ்பம்."

"போயிருச்சா?"

"போயிருச்சு."

"சாப்பிட்டீகளா?"

"நீ பயந்துட்டியா?"

"கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன். பெறகு யோசிச்சேன். சொன்னது பருத்திக்காரர் மகளாச்சே, அவ வேற எப்படிச் சொல்லுவா? அருண்கிட்டச் சொல்லிருதேன், எங்கன நிக்கீகன்னு மீனாவ அவனுக்குச் சொல்லச் சொல்லுங்க. காலைல சக்கரம் வாங்கிட்டு வருவான். கம்பளியப் போத்திக்கோங்க."

அருண் மீனாவின் மகன். மறுநாள் காலை, வண்டி இழுக்கிறவர்கள் வருவதற்கு முன்னால் அவனுடைய சின்ன லாரி செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு வந்தது. பின்னால் ஒரு டயர் கிடந்தது. முன்னால், அவன் பக்கத்தில், ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு புஷ்பம்.

பேரன் கையைப் பிடித்து இறங்கினாள். மீனாவின் கன்னத்தைத் தொட்டாள். டேவிட்டைப் பார்த்துத் தலையாட்டினாள். கடைசியாக என்னிடம் வந்து, என் இரண்டு கைகளையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து இட்லி டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"இந்தத் தடவ இலை கொண்டாரல" என்றாள்.

பிள்ளைகள் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்தோம். நான் அப்போது சொல்லிவிட்டேன். "அன்னைக்கு வேன்ல நீ பயத்துல கேட்ட. அந்தப் பயத்த நான் எனக்குச் சாதகமா ஆக்கிக்கிட்டேன். உன்ன உங்கம்மாகிட்டருந்து பிரிச்சது நான்தான்."

அவள் இட்லியைப் பிட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"பயத்துலயா? எங்கப்பா போனதப் பாத்தவ நான். பயம் எனக்குப் பழகுன சங்கதி. பயந்து வாரதா இருந்தா முந்தியே வந்துருப்பேன்."

"பெறகு?"

"மூஞ்சி பூரா செம்மண்ணு. எங்கம்மா மடியில இலைய வச்சிட்டு இருக்காக, நீங்க நீலம் வந்துருச்சுன்னு சிரிக்கீக. நீலம் வந்தா நிறுத்துவீகளா? அடுத்து இன்னொண்ணு. ஒருநா அந்த இலை நெசமாவே வேணும்னு அங்கனயே தெரிஞ்சுபோச்சு. அம்மாவா, நீங்களான்னு கோவில்பட்டி வரைக்கும் யோசிச்சேன். நானா யோசிச்சு நானா சொன்னேன். அம்மாவ விட்டுட்டு வந்தது எம்பாவம். அதயும் நீங்க எடுத்துக்காதீக."

இவ்வளவு காலம் நான் சுமந்ததில் என் பங்கு எது, அவள் பங்கு எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. இட்லியை வாயில் போட்டுக்கொண்டேன்.

மீனா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "என்ன இலை அம்மா? எந்த வேன்? நீங்க ரெண்டு பேரும் என்ன பேசுறீங்க?"

புஷ்பம் என் பக்கம் கையைக் காட்டினாள்.

"உங்கப்பாகிட்டக் கேளு, சொல்லுவாக. ஊருல உள்ளவுகளுக்கு எழுதவும் செய்வாக. ஆனா மொதல்ல டயருன்னு சொல்லிட்டு ஆரம்பிக்கச் சொல்லு."